ஊர் சுற்றிய தாளம்

‘வாக் திஸ் வே’ பாட்டு வெறும் டிரம்ஸில்தான் தொடங்கும். பாஸ்டன் ராக் குழுவான ஏரோஸ்மித்தின் ஜோயி கிராமர் சில நொடிகள் தனியாக அடிப்பார். அப்புறம் ஜோ பெர்ரியின் கிட்டார் சேரும். அதற்கும் பிறகே ஸ்டீவன் டைலரின் குரல். 1975-ல் வந்த பாட்டு, தாமதமாக 1977 தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலில் 10-ஆம் இடம் வரை ஏறி இறங்கியது.

பாட்டு ஓய்ந்தாலும் அந்த டிரம்ஸ் ஓயவில்லை. நியூயார்க்கின் தெருக் கொண்டாட்டங்களில் டிஜேக்களுக்கு வேண்டியிருந்தது பாட்டல்ல, மேலே ராப் சொல்லத் தோதான வெறும் தாளம். ஒரே இசைத்தட்டில் இரண்டு வாங்கி இரண்டு டர்ன்டேபிளில் வைப்பார்கள். ஒன்றில் டிரம்ஸ் முடியும் தறுவாயில் மற்றதை ஓடவிட்டு, முதல் தட்டைக் கையாலேயே பின்னுக்குச் சுற்றித் தயாராக வைத்துக்கொள்வார்கள். சில நொடித் தாளம் இப்படி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும். குயின்ஸ் பகுதியின் ஹாலிஸில் வளர்ந்த ரன்-டிஎம்சி குழுவுக்கும் அதன் டிஜே ஜாம் மாஸ்டர் ஜேவுக்கும் பாட்டு இந்த அளவில்தான் பழக்கம். டைலர் வாயைத் திறப்பதற்குள் தட்டு திரும்பிவிடும். பாடியது யாரென்றே அவர்களுக்குத் தெரியாது.

1986-ல் தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை முழுப் பாட்டையும் பாடச் சொன்னார். ஏரோஸ்மித்திலிருந்தும் ஆட்களை வரவழைத்தார். வரிகளைக் கேட்ட, குழுவின் ராப்பர்களான ரன், டிஎம்சி இருவருக்கும் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ரூபினின் கணக்கு வேறு. ராப்பை இசையென்றே ஒத்துக்கொள்ளாத ராக் ரசிகர்களிடம், அவர்களுக்குத் தெரிந்த பாட்டைக் கொண்டே அதைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். ஏரோஸ்மித்தோ போதையில் சீரழிந்து மார்க்கெட் போய்க் கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து பாடினால் ‘பரஸ்பர மரியாதை’ என்று பேட்டி கொடுப்பது வழக்கம். இங்கே பாட்டின் சொந்தக்காரர்கள் யாரென்றே ரன்-டிஎம்சிக்குத் தெரியாது! ஒரு தரப்புக்குப் புது ரசிகர்கள் வேண்டும், இன்னொரு தரப்புக்கு மறுவாழ்வு வேண்டும். என்னைக் கேட்டால், பாட்டு நன்றாக வர அந்தத் தேவையே போதுமானதாக இருந்தது.

போதும் என்று பட்டியலும் சொன்னது: இந்த முறை 4-ஆம் இடம், அசலைவிட மேலே. பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு குழுக்களும் சத்தத்தால் சண்டை போட, டைலர் நடுச்சுவரை உடைத்துத் தலை நீட்டும் வீடியோவை எம்டிவி ஓயாமல் ஓட்டியது. அடுத்த ஆண்டே ‘பெர்மனன்ட் வெக்கேஷன்’ ஆல்பத்தோடு ஏரோஸ்மித் எழுந்து நின்றது.

இந்தப் பதிவுக்காக ஏரோஸ்மித்திலிருந்து மன்ஹாட்டன் ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் டைலரும் பெர்ரியும் மட்டுமே. வீடியோவில் அவர்களுக்குப் பின்னால் வாசிப்பவர்கள் வாடகைக்கு வந்த வேறு ஆட்கள். பாட்டை எழுதியவர்கள் என்ற பெயரும் அந்த இருவருக்கே. ஹாலிஸ் பையன்கள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட டிரம்ஸை அடித்த கிராமருக்கு அதில் பங்கு கிடையாது.