நூறு பாகையும் எங்கட ஊரும்

ஒன்பதாம் ஆண்டில ரீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டா: "நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ்." நாங்கள் பாடமாக்கினோம். வெப்பமானியைக் கையால தொட்டதில்லை. ஆய்வுகூடம் எண்ட அறைக்குள்ள உடைஞ்ச கதிரைகள்தான் கிடந்தது. நான் கலைப்பீடத்துக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

கம்பஸில நுவரெலியாத் தோழி ஒருத்தி, "எங்க வீட்டுல பருப்பு வேக ரொம்ப நேரமாகும்" எண்டு சொன்னபோதுதான் அந்த 100 மேல சந்தேகம் வந்தது. தேடிப் பார்த்தால் இந்தச் சந்தேகத்துக்கு 300 வயசு.

காற்றின் அமுக்கம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்று 1724 இல் பாரன்ஹைட் எழுதினார். 1742 இல் தன் அளவுகோலை அமைத்த சுவீடன் வானியலாளர் செல்சியஸும் இதைக் கவனித்தார். (அவர் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 வைத்தார். தலைகீழாக்கியது பின்னால வந்தவர்கள்.)

திரவத்தின் ஆவியமுக்கம் வெளியமுக்கத்துக்குச் சமனாகும் வெப்பநிலைதான் கொதிநிலை. கிட்டத்தட்ட 1870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றமுக்கம் குறைவு. அங்கே தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்புக்குச் சூடு போதாது. கடலோடு கிடக்கும் தலைமன்னாரில் 100. ஆனால் இங்கயும் எப்போதும் இல்லை. 1914 இல் தனுஷ்கோடிக் கப்பலுக்காக எங்கட இறங்குதுறைக்கு நீராவி ரயில் வந்தது. அதன் கொதிகலனுக்குள் அமுக்கம் கூட, அதனால் தண்ணி கொதிக்க 100 ஐயும் தாண்டிச் சூடாக வேணும்.

ஒரு இரசாயனம் சுத்தமானதா, கலப்பா எண்டு அறியவும் கொதிநிலை உதவும். 1886 இல் சிவொலொபொவ் சொன்ன முறைக்குச் சில துளி போதும். திரவத்துக்குள் ஒரு முனை மூடிய மயிர்த்துளைக் குழாயைக் கவிழ்த்து வைத்துச் சூடாக்க வேண்டும். குமிழிகள் சரசரவென வந்ததும் சூட்டை நிறுத்தினால், திரவம் குழாய்க்குள் ஏறத் தொடங்கும் கணத்தில் வெப்பமானி காட்டுவதே கொதிநிலை.

இதற்கு 11 வருடம் முந்தியே இரசாயனவியல் தமிழில் வந்துவிட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலும் படிப்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் 'கெமிஸ்தம்' 1875 இல் வெளியானது. 150 வருடமாக எங்களிட்டச் சொல் இருக்கு. சொல் வந்த இடமெல்லாம் வெப்பமானி வந்து சேரவில்லை. அதுதான் என்ர கோபம்.

போன லீவில இரவல் வெப்பமானியோட ஊருக்குப் போனேன். "தேத்தண்ணிக்கு வைச்ச தண்ணியை ஏன்டா குழப்புறாய்" எண்டு அம்மா ஏசினா. இரசம் 100 ஆம் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழ நிண்டது. ஒன்பதாம் ஆண்டு படிக்கிற தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப, புத்தகத்தில இருக்கிறது உண்மைதானே?"

"ஓம், எங்கட ஊரில."