கோனோடோன்ட் பற்கள்

சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலக் கடல்களில் தோன்றி, டிரையாசிக் காலத்தின் இறுதியில் அற்றுப்போன தாடையற்ற விலங்குகள் கோனோடோன்ட்கள். அவற்றின் மெல்லிய உடல் மட்கிவிட, வாயில் இருந்த கால்சியம் பாஸ்பேட் பற்கள் மட்டும் பாறைகளில் ஏராளமாக எஞ்சின. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவினவே.

பால்டிக் பகுதிப் பாறைகளில் இவற்றைக் கண்ட கிறிஸ்டியன் பாண்டர், 1856இல் வெளியிட்ட நூலில் மீன்பற்கள் என்று விவரித்தார். பின்வந்தோர் புழு, மெல்லுடலி என்று பலவாறு கருதினர். 1934இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும், பல வடிவப் பற்கள் ஒரே தொகுதியாக அமைந்த புதைபடிவங்கள் தனித்தனியே அறிவிக்கப்பட்டன. ஆனாலும் உடல் கிடைக்கவில்லை. எடின்பரோ அருகே கிரான்டனில் எப்போதோ சேகரிக்கப்பட்டு, ஒரு சேமிப்பில் கவனிப்பாரின்றிக் கிடந்த கல்லில் யுவான் கிளார்க்சன் அதை அடையாளம் கண்டார். விலாங்கைப் போல் நீண்டு, சில சென்டிமீட்டரே இருந்த அவ்வுடல் பற்றிய கட்டுரை 1983இல் வெளிவந்தது. பழைய சேகரிப்புகளைப் பேணுவதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கண்டுபிடிப்பு அரிது.

கண்ணும் தசைப்பட்டைகளும் முதுகுநாணும் தெரிந்ததால், முதுகெலும்பிகளின் உறவாக இவ்விலங்கு ஏற்கப்படலாயிற்று. 1992இல் பல்லின் நுண்ணமைப்பை ஆய்ந்தவர்கள் அதில் எனாமலை ஒத்த திசு இருப்பதாக அறிவித்தனர். நம் பற்களின் தொடக்கமே இதுதான் என்ற கருத்து வலுத்தது. வளர்ந்த விதமோ வேறாக இருந்தது. கோனோடோன்ட் பல் விழுந்து முளைக்கவில்லை; மேற்பரப்பில் அடுக்கு மேல் அடுக்காகப் படிந்து பெருத்தது. உணவை அரைத்த தேய்மானத் தடங்களும் அதன்மேல் பதிந்துள்ளன.

நம் பற்களின் தொடக்கம் இதுதானா என்ற ஐயத்தைத் தீர்த்தது 2013இல் டங்கன் மர்டாக் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் பல்லை உடைக்காமலே உள்ளடுக்குகளைப் படமெடுத்து, முந்தைய பாராகோனோடோன்ட்களோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் எனாமல் போன்ற மேற்பகுதி இல்லை. அடிப்பகுதியின் வளர்ச்சியோ இரு வகைகளையும் படிப்படியாக இணைத்தது. ஆகவே அந்தக் கடின மேற்பகுதி கோனோடோன்ட் மரபுக்குள்ளேயே பின்னாளில் உருவானது; முதுகெலும்பிகளின் எனாமலோடு அதற்குப் பொது மூதாதை இல்லை. ஒரே தேவைக்கு இரு மரபுகள் தனித்தனியே கண்ட விடை அது. முதுகெலும்பிகளின் கனிமத் திசுக்களுக்கான தொடக்கத்தைத் தாடையற்ற பழைய மீன்களின் தோல்கவசத்தில் தேட வேண்டும் என்ற வாதம் இதனால் வலுப்பெற்றது.