1909 சிங்கப்பூர் அரோரா: கண்ணில் பட்டதா, கம்பியில் பட்டதா?

1909 செப்டம்பர் 25ஆம் நாள் பூமியைத் தாக்கிய காந்தப் புயலின்போது சிங்கப்பூரில் அரோரா எனும் துருவ ஒளி தெரிந்தது என்ற செய்தி நெடுங்காலம் அறிவியல் எழுத்துகளில் இடம்பெற்று வந்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட விலகாத ஊர். அங்கே தெரிந்தது மெய்யானால், கோலாலம்பூரை அடுத்த நம் அம்பாங்கில் இருப்பவரும் ஒருநாள் அதைக் காண ஆசைப்படலாம். 1995இல் ஆய்வாளர் சில்வர்மன் இச்செய்தியை ஆராய்ந்து, அது தந்தித் தொடர்பில் நேர்ந்த குழப்பத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அம்முடிவை ஏற்று, ஒருபடி மேலே சென்று கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தந்திக் குழப்பம் எப்படி வானத்து ஒளியாக மாறிற்று? அரோரா என்ற சொல்லின் மூன்று வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது என்பதே என் வாதம்.

உரோமானியருக்கு அரோரா வைகறைத் தெய்வம். ரிக்வேதத்தின் உஷஸும் அதே வேரில் கிளைத்த பெயர். 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெயரில் அரவிந்தரோடு, வைகறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்தே ஒலிக்கிறது. இது முதல் வழக்கு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வானியலாளர்கள் கலிலியோ, கசாந்தி காலத்தில், வடவானில் இரவில் பரவிய செவ்வொளிக்கு ‘வடக்கத்து வைகறை’ என்ற பொருளில் அப்பெயர் வந்து சேர்ந்தது. இது இரண்டாவது. இவ்விரண்டையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை.

மூன்றாவதுதான் தொல்லை. 1859 செப்டம்பரில் வந்த பெரும் காந்தப் புயலின்போது அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி ஊழியர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். அந்த மின்னோட்டம் ‘அரோரா மின்னோட்டம்’ எனப்பட்டது. காந்தப் புயலில் விளையும் இரண்டு காரியங்களில் ஒன்றான ஒளியின் பெயர், மற்றொன்றான மின்னோட்டத்தின் மீது ஏறிக்கொண்டது. அதன்பின் தந்தி அலுவலகத்தில் அரோரா என்றால் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கருவியின் முள் தாறுமாறாக ஆடினால் போதும்.

மலாயாவில் அப்படி முள்ளை ஆட்டக்கூடிய கம்பிகள் நிறைய இருந்தன. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் செல்லும் கடலடித் தந்தி வடம் 1870-71இலேயே இடப்பட்டுவிட்டது. 1909 புயல் உச்சத்தை நோக்கி ஏறியபோது இங்கே அந்தி கழிந்த நேரம். இரவும் புயலும் ஒன்றாக அமைந்துவிட்டதால், அரோரா என்று எழுதப்பட்டதைப் பின்னால் படித்தவர்கள் ஒளி என்றே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஒளிதான் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டும் பார்ப்போம். அரோராவின் பச்சை நிறம் பெரும்பாலும் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்திலும், சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலும் தோன்றும். இரண்டுக்கும் ஆக்சிஜன் அணுக்களே காரணம். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பொளியை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவு வரைதான் காண முடியும், அதுவும் அடிவானத்தைத் தொட்டபடி. காந்த நடுக்கோடு தீபகற்ப மலேசியாவுக்கு வடக்கே தென்தாய்லாந்துப் பக்கம் ஓடுவதால், நமக்குத் தென்துருவ ஒளியே ஓரளவு அருகில். அது அம்பாங்கில் தெரிய வேண்டுமானால் ஜாவாவுக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் தலைக்கு மேல் நின்றாக வேண்டும். வடதுருவ ஒளியானால் யூனான் வரை இறங்கி வர வேண்டும். வந்தாலும் அம்பாங்கின் வடக்கே கிளாங் கேட்ஸ் பாறைத்தொடர், கிழக்கே தித்திவாங்சா மலையடிவாரம், மேற்கே கோலாலம்பூரின் விளக்கொளி. இம்மூன்று பக்கமும் அடிவானம் என்று ஒன்று நமக்கு மிச்சமே இல்லை.

2024 மே 11 அதிகாலை லடாக்கின் ஹான்லேயில் படம்பிடிக்கப்பட்ட சிவப்பு ஒளியும் இதற்கு எதிர்ச்சான்று ஆகாது. ஹான்லே ஏறக்குறைய 33 பாகை வடக்கில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், இருண்ட வானத்தின் கீழ் உள்ள ஆய்வு நிலையம். அங்கு தெரிந்ததை வைத்து இங்கும் தெரியும் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஆனால் புயல் நம்மை விட்டுவைப்பதில்லை. புயலின்போது பூமியைச் சுற்றி வலுப்பெறும் வளைய மின்னோட்டம், நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில்தான் காந்தப் புலத்தின் கிடைக்கூறை மிகத் தெளிவாகக் குறைக்கிறது. 1909 புயலின் வலிமையை 2019இல் மதிப்பிட்டவர்கள் அப்பியா, மொரீசியசு போன்ற தாழ் அகலாங்கு நிலையங்களின் பழைய பதிவுகளைத்தான் நாடினார்கள். கிடைத்த அளவு சுமார் 595 நானோடெஸ்லா வீழ்ச்சி. நம் பகுதியின் கிடைக்கூறு ஏறத்தாழ 41,000 நானோடெஸ்லா என்பதோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தப்பாது.

ஆகவே சிங்கப்பூர்க் குறிப்பைப் பொய் என்று தூக்கியெறிவது எனக்கு உடன்பாடில்லை. ஒளிக்குச் சான்றாக அது தோற்கிறது. நடுக்கோட்டுப் பகுதியில் கம்பிகள் புயலை உணர்ந்ததற்குச் சான்றாக அது மதிப்புடையது. பழைய செய்திகளைத் தமிழில் தருவோர், திசையும் நிறமும் நேரமும் சொல்லப்பட்ட இடத்தில் மட்டும் துருவ ஒளி என்று எழுதட்டும். தந்தியும் காந்த ஊசியும் பேசப்படும் இடத்தில் காந்தப் புயல் என்பதே சரியான சொல்.