கேஸ் வாசனையும் நம்ம ஊர் தோரியமும்

இந்த எபிசோடு ஒரு நாற்றத்தோட வரலாறு. சிலிண்டர் கசிந்தால் அழுகின மாதிரி ஒரு வாடை வரும் இல்லையா? அது கேஸோட வாடை கிடையாது. எல்பிஜி என்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டுக்கும் நிறம் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் இல்லை. எத்தில் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள்.

ஏன் கலக்கணும்? 1937 மார்ச் 18, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். பள்ளிக்கூடத்துக்கு அடியில் எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தீப்பொறி பட்டதும் கட்டடமே இடிந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் எரிவாயுவில் வாசனை சேர்க்கணும்னு சட்டம் வந்தது.

சரி, இந்த நாற்றத்தை எப்படித் தயாரிக்கிறது? இங்கேதான் வினையூக்கி வருது. 1910-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேவும் மெய்யும் ஒரு வழி காட்டினார்கள். ஆல்கஹால் ஆவியையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவையும் சூடான தோரியம் ஆக்சைடு மேலே செலுத்தினால் மெர்கேப்டன் கிடைக்கும். ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகம் வந்து உட்காரும். ஆக்சிஜன் தண்ணீராக வெளியேறும். தோரியம் ஆக்சைடு தான் செலவாகாமல் இந்த மாற்றத்தை நடத்திக் கொடுக்கும். 1912-ல் சபாட்டியேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது அவருடைய ஹைட்ரஜன் சேர்க்கும் வினைகளுக்காக.

தோரியம்னு சொன்னதும் நமக்குக் காது நிமிரணும். அந்தக் காலத்தில் தோரியத்துக்குப் பெரிய சந்தை விளக்கு மேண்டில்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கில் பளிச்சென்று எரியுமே, அந்த வலைதான். பழைய மேண்டிலில் சுமார் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, மீதி சீரியம் ஆக்சைடு. 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் தேடி வந்தார்னு சொல்வார்கள். மணவாளக்குறிச்சி அப்போது திருவிதாங்கூர், இப்போது கன்னியாகுமரி மாவட்டம்.

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் கடற்கரை மணலிலும் மோனசைட் இருக்கு. அதே கல்பாக்கத்தில் 1996 அக்டோபரில் காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் தோரியத்திலிருந்து உருவாக்கிய யுரேனியம்-233. ஒரே தனிமம் விளக்காகவும், வினையூக்கியாகவும், அணு எரிபொருளுக்கு மூலமாகவும் இருந்திருக்கு.

இன்றைய ஆலைகள் மீத்தைல் மெர்கேப்டனுக்கு அலுமினா மேல் பொட்டாசியம் டங்ஸ்டேட் சேர்த்த வினையூக்கியைப் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து கோழித் தீவனத்துக்கான மெத்தியோனின் செய்யலாம். எத்தில் மெர்கேப்டனை எத்திலீன், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற இரண்டு எளிய வாயுக்களிலிருந்தே செய்யலாம். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றையும் மாலிப்டினம் வினையூக்கி மேல் நேரடியாக இணைக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கு.

நம்ம மூக்கு பங்குக்கு என்ன செய்யுது தெரியுமா? கந்தக வாசனையைப் பிடிக்கும் சில ஏற்பிகளுக்குத் தாமிரம் வேணும். எலியில் 2012-லும் மனித ஏற்பியில் 2016-லும் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதனால்தான் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலேயே நமக்குத் தெரிந்துவிடுது. தீப்பிடிக்கத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு கேஸ் சேர்வதற்குள் வாடை வந்துவிடணும், அதுதான் கணக்கு.

ஆனா இந்தக் காவலுக்கு ஓட்டையும் உண்டு. இரும்புத் துரு மெர்கேப்டனை ஆக்சிஜனேற்றம் செய்து வாடையைக் குறைத்துவிடும். வயதானவர்களுக்கு மோப்பம் மங்கும்; கோவிட் வந்தபோது பலருக்கு அது சுத்தமாகவே போச்சு. வீட்டில் அப்படி யாராவது தனியாக இருந்தால் ஒரு கேஸ் கசிவு அலாரம் வாங்கிக் கொடுங்க.

வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்க.