சின்னஞ்சிறு பந்தயக் காரும் கையால் சேர்த்த நுணுக்கமும்

பந்தயக் கார்களின் சிற்றுருக்களை ஒரு காலத்தில் முழுக்க முழுக்கக் கையாலேயே செய்தார்கள். இத்தாலியின் டூரினில் மிக்கேலே கோன்டியும் இங்கிலாந்தில் ஜெரால்ட் விங்ரோவும் அந்தக் கலையில் பெரும் பெயர் பெற்றவர்கள். ஒரே காருக்குப் பல மாத உழைப்பு போகும் என்பதால் அது சிலரது கைவேலையாகவே இருந்தது.

அதைப் பலருக்கும் உரியதாக்கியது பிளாஸ்டிக் கிட். 1946-இல் ஜப்பானின் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், 1967-இல் ஹோண்டா ஆர்ஏ273 ஃபார்முலா 1 காரை 1/12 அளவில் வெளியிட்டது. இத்தாலியில், மோட்டார் சைக்கிள் பந்தய உலகச் சாம்பியன் தார்குவீனியோ புரோவீனி நிறுவிய புரோடாரும் அதே அளவில் கார்களைத் தந்தது. அக்காலப் பந்தயக் கார்களின் பின்புறத்தில் எஞ்சின் திறந்தே கிடக்கும். இவ்வளவு பெரிய மாடலில் அங்கே எது விடுபட்டாலும் பளிச்சென்று தெரிந்தது.

குறை அச்சு வார்ப்பின் இயல்பிலேயே இருந்தது. முடிபோல் மெல்லிய வயரை வார்க்க முடியாது. புகைக்குழாயின் வாய் அடைபட்டே வரும். அசலில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் வயர், 1/12 அளவில் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு, 1/20-இல் 0.35. ஆகவே பொறுமைசாலிகள் பிளக் தலையில் நுண் துளையிட்டு மெல்லிய மின்கம்பியைச் செருகினார்கள். எஃகு வலை போர்த்திய எண்ணெய்க் குழாய்க்குக் கிட்டார் தந்தி பொருத்தமாக அமைந்தது. அசலில் 75 மில்லிமீட்டர் அகலமுள்ள சீட் பெல்ட், 1/12 அளவில் ஆறேகால் மில்லிமீட்டர். ஒயின் பாட்டிலின் கழுத்தைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை அந்த அகலத்துக்கு வெட்டினால், இருக்கையில் மடிந்து தொய்ந்து அசல் பெல்ட் போலவே கிடக்கும். பிளாஸ்டிக் பெல்ட்டுக்கு அந்தத் தொய்வு வராது.

கைத்திறனைவிடக் கடினமானது, எந்த நாளின் கார் என்று தீர்மானிப்பது. 1967-இல் சான்ட்வோர்ட்டில் காஸ்வர்த் டிஎஃப்வி எஞ்சினுடன் முதல்முறை ஓடி ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்த லோட்டஸ் 49-க்கு இறக்கை கிடையாது. மறு ஆண்டு அதே வகைக் காருக்கு உயரமான பின் இறக்கை வந்தது. 1969 மொனாக்கோ பந்தயத்தின்போது உயர இறக்கைகள் தடை செய்யப்பட்டன. ஆறு முனை பெல்ட் 1972-இல்தான் கட்டாயமானது. 1967-ஆம் ஆண்டுக் காரில் அதை மாட்டினால், எத்தனை அழகாகச் செய்திருந்தாலும் அது பிழையே. பழைய பந்தயப் புகைப்படங்களைப் பார்த்துத் தேர்வதே இவ்வேலையின் பாதி.

தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. போர்ஷே 934 கிட்டை 1976-இல் கொண்டுவருவதற்காக டாமியா ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தது. பின்னர் அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடுகள் பரவின. பெல்ட் கொக்கிகளும் ரேடியேட்டர் வலைகளும் ஆயத்தமாகவே கிடைத்தன. முப்பரிமாண அச்சு இப்போது போல்ட் தலைகளைக்கூடத் தந்துவிடுகிறது. வயர்களையும் குழாய்களையும் மட்டும், புகைப்படத்தில் உள்ள வளைவைப் பார்த்து இன்றும் கையால்தான் இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது.