உறைபனிப் பாதுகாப்பு (வீட்டு வெப்பமூட்டல்)

உறைபனிப் பாதுகாப்பு என்பது, குளிர் நாடுகளில் வீட்டை வெப்பமூட்டும் சுடுநீர்க் குழாய்களும் ரேடியேட்டர்களும் உறைந்து பிளக்காமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். பிரித்தானிய வீடுகளை ஒட்டிக் கட்டப்படும் கன்சர்வேட்டரி எனும் கண்ணாடி அறையில் இது மிகவும் தேவைப்படுகிறது. கண்ணாடி வழியே வெப்பம் விரைந்து வெளியேறுவதால், குளிர்கால இரவுகளில் அவ்வறையின் வெப்பநிலை 0° செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடும்.

காரணம்

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9% கூடுகிறது. இதனால் எழும் அழுத்தம் குழாயையோ இணைப்பையோ பிளக்கிறது. பனிக்கட்டி அடைத்திருக்கும் வரை கசிவு தெரியாது. அது உருகிய பின்னரே நீர் வெளியேறும்.

முறைகள்

* ரேடியேட்டர் வால்வு: தானியங்கி வால்வைப் பனித்துகள் குறியில் வைத்தால், அறை மிகவும் குளிரும்போது அது தானே திறக்கும். எனினும் அது கொதிகலனை இயக்காது. கொதிகலன் நின்றிருந்தால் திறந்த வால்வினால் பயனில்லை.
* உறைபனித் தெர்மோஸ்டாட்: பொதுவாக 5° செல்சியஸ் அளவில் அமைக்கப்படும். வெப்பநிலை அதற்குக் கீழே சென்றால், நேரக்கட்டுப்படுத்தி அணைந்திருந்தாலும் கொதிகலனையும் பம்பையும் இயக்கும். கொதிகலனின் உட்பாதுகாப்பு கொதிகலனின் வெப்பநிலையை மட்டுமே உணர்வதால், இதனைக் கண்ணாடி அறையிலேயே பொருத்துதல் வேண்டும்.
* உறைதடுப்பி: புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர் 0° செல்சியஸுக்கும் கீழேயே உறையும். எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது.
* வெப்பக்காப்பு உறை: குளிர்வதைத் தாமதப்படுத்துமேயன்றி வெப்பம் தராது.
* நீரை வடித்தல்: குளிர்காலத்தில் பயன்படுத்தாத அறையெனில், அதற்குச் செல்லும் குழாய்களைத் தனியே அடைத்து நீரை வடித்துவிடலாம்.