சென்னை – பலாலி வான்வழி

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையேயான நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். கடல் மைலில் 190-ஐ ஒட்டி வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் கோடு வடக்கிலிருந்து தெற்கே நேராக விழுகிறது. வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால், கல்பாக்கம் அருகே கரையை விட்டுக் கடலுக்குள் போகிறது. புதுச்சேரியும் நாகப்பட்டினமும் மேற்கே ஒதுங்கிவிடுகின்றன. கோடிக்கரைக்குக் கிழக்கே 20 கிலோமீட்டர் அளவில் பாக்கு நீரிணையைக் கடந்து, மயிலிட்டிப் பக்கம் கரையேறியதுமே பலாலி.

இத்தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 வகை விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போடுவார்கள். விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையான நேரம் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு முறை வரும்வரை காத்திருப்பதும், மேலேறுவதும் இறங்குவதும் அதில் அடக்கம். 2006 முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரத்தைத் திருப்பும் வேலையில்லை.

பலாலி, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம். ஏர் சிலோனின் முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. பின்னர் உள்நாட்டுப் போர் இத்தடத்தைப் பல பத்தாண்டுகள் மூடி வைத்தது. அந்த ஆண்டுகளில் சென்னைக்கு வர வேண்டிய யாழ்ப்பாணத்தவர், வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியாகக் கொழும்புக்குப் போனார். அதுவும் பாதை திறந்திருந்தால்தான். பிறகு அங்குள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து விமானத்தில் இன்னும் 640 கிலோமீட்டர். வரைபடம் காட்டும் 355 கிலோமீட்டர், ஒரு தலைமுறைக்கு ஆயிரத்துக்கும் மேலாகவே இருந்தது.

2019 அக்டோபர் 17-இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. ஓடுபாதை பெரிய ஜெட்டுகளுக்கு ஏற்றதாக இல்லாததால் சுமார் 70 பேர் அமரும் ஏடிஆரே ஓடுகிறது. நிலையத்தை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் காணிப் பிரச்சினையும் கூடவே எழுகிறது. 1990-இல், பலாலி அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் தங்கள் நிலத்துக்காக இன்னும் காத்திருக்கிறார்கள். அதைத் தீர்க்காமல் ஓடுபாதையை நீட்டுவது நியாயமாகாது.

2025-இல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. அந்தத் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர்தான். திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கோ ஏறத்தாழ 290 கிலோமீட்டர்.